மழைக்கு முன் ஈயம் வாங்குபவர்களுக்கு ஒரு மடல்

வலைக்கார அண்ணன்மார்களுக்கும், தூண்டில் போடும் நண்பர்களுக்கும், எங்களிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை பழுதுபார்ப்பதும், அடிக்கயிற்றில் தேய்ந்த ஈயமணியை மாற்றுவதும், தூண்டில் குண்டு வார்ப்பதும் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கிறது. அதாவது, மும்பையில் காய்ந்த செங்கல் ஒன்றுகூடக் கிடைக்காத நாட்களில், கூரைக்கு அடியில், உருக்கிய ஈயத்தோடு வேலை. சரக்கு வாங்க வரும் முன் இந்த மடலை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இனி எங்கள் கட்டிகள் இரண்டே வகை. முதுகில் ‘மெ’ என்று குத்தியிருந்தால் சுத்தக் காரீயம். ‘க’ என்றிருந்தால் நூற்றுக்கு 3 பங்கு ஆண்டிமனி என்னும் உலோகம் கலந்த கடின ஈயம். முன்பு கிடைத்த ‘கலவைக் கட்டி’ இனி கிடையாது. சக்கர எடை (வண்டிச் சக்கரத்தைச் சமன்படுத்த மாட்டும் சிறு எடை), கேபிள் உறை, பழைய அச்செழுத்து எல்லாம் ஒரே கொப்பரையில் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. தெரியாததை எடைபோட்டு விற்க எங்களுக்கு மனமில்லை.

எதற்கு எது என்பதில் குழப்பம் வேண்டாம். கயிற்றில் நசுக்கி மாட்டும் ஈயமணிக்கும், தூண்டில் நரம்பைக் கவ்வி மூடும் பிளந்த குண்டுக்கும் ‘மெ’ மட்டும்தான். கடின ஈயத்தில் செய்த பிளந்த குண்டை மூட இடுக்கியால் அழுத்த வேண்டியிருக்கும். அப்போது வாய் விரியும், அல்லது மடிப்பில் வெடிக்கும். அந்த வெடிப்பின் விளிம்பு நரம்பை அறுத்துவிடும். பாறைக் கரையில் எறியும் பெரிய குண்டுக்கு ‘க’ நல்லது. கல்லில் மோதி நசுங்காது, கம்பி வளையமும் ஆடாமல் நிற்கும். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: ஆண்டிமனி காரீயத்தைவிட லேசானது. சுத்த ஈயத்தில் 100 கிராம் வரும் அச்சில் ‘க’ ஊற்றினால் 98 கிராம்தான் வரும். அச்செழுத்து உலோகம் (84 பங்கு ஈயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம் என்னும் டின்) ஊற்றினால் 90 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். குண்டு எடை குறைகிறது என்று அச்சு செய்தவரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

வேறு இடத்தில் வாங்கிய கட்டியையும் நீங்களே சோதிக்கலாம். நகத்தால் கீறுங்கள். சுத்த ஈயத்தில் வெள்ளிபோல் மின்னும் கோடு விழும். கடின ஈயத்தில் நகம் வழுக்கும். சிமென்டுத் தரையில் போட்டால் முன்னது ‘தொப்’பென்று செத்த சத்தம் தரும், பின்னது மெல்லக் கணகணக்கும். எடையில் ஏமாற்று இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் போதும். கட்டியை நூலில் கட்டி, ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசின் கொக்கியில் தொங்கவிட்டு எடையைக் குறியுங்கள். பிறகு அப்படியே வாளித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்துங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. சுத்த ஈயமானால் கிலோவுக்கு 88 கிராம் குறையும். அச்செழுத்து உலோகம் 97 கிராம் குறையும், இரும்பு 127, துத்தநாகம் 140. ‘மெ’க்கும் ‘க’வுக்கும் இடையே 2 கிராம்தான் வித்தியாசம் என்பதால் அதற்கு நகச்சோதனையே நம்பகமானது. தண்ணீரில் நனைத்த கட்டி அன்றைக்குச் சட்டிக்குள் போகவே கூடாது. காரணம் கீழே.

பஞ்சர் கடையிலும் வீல் பாலன்சிங் கடையிலும் சக்கர எடை கிலோக் கணக்கில் கிடைக்கிறது. பழைய ஞாபகத்தில் அள்ளி வராதீர்கள். இப்போது வருவதில் பாதிக்குப் பாதி இரும்பாகவோ துத்தநாகமாகவோ இருக்கக்கூடும். இரும்பு மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். துத்தநாகம்தான் தொல்லை. அதன் உருகுநிலை 419 டிகிரி, ஈயத்தினுடையது 327. சூட்டைக் கட்டுக்குள் வைத்திருந்தால் துத்தநாகமும் மிதக்கும், உடனே எடுத்துவிடலாம். அசந்து 420-ஐத் தாண்டினால் கரைந்துவிடும். கரைந்தபின் சட்டி முழுவதும் உப்புமா மாதிரி திரிதிரியாகிவிடும். அச்சின் மூலைகளில் ஏறாது, குண்டு மேடும் பள்ளமுமாக விழும். அதை வீட்டில் பிரிக்க வழியில்லை. சந்தேகமான எடையின் மேல் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் துத்தநாகம். துத்தநாகம் பூசிய வாளி, கரண்டி எதையும் உருக்க வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பூச்சும் அதே வேலையைச் செய்யும்.

பேட்டரித் தகடு கொண்டுவந்தால் நாங்கள் வாங்க மாட்டோம். எத்தனை முறை கேட்டாலும் பதில் இதுதான். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைதான் பழைய பேட்டரியைப் பிரிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தகட்டில் பாதிக்கு மேல் உலோகமே இல்லை, ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் அமிலமும்தான். அடுப்பில் வைத்தால் உருகாமல் பொடியாகிப் பறக்கும். தகட்டுச் சட்டத்தில் கால்சியமும் ஆர்செனிக்கும் இருந்தால், அந்தக் கசடில் ஈரம் பட்டதும் ஆர்சீன் என்னும் கொடிய நச்சுவாயு வரலாம். மழைக்காலத்தில் கொல்லையில் கொட்டிய கசடை நினைத்துப் பாருங்கள். பேட்டரியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, புதியதில் விலை கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஈரம். உருகிய ஈயத்தின் மேல் விழும் துளி ஆவியாகிப் போய்விடும், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈயத்துக்கு அடியில் போன துளி நொடியில் நீராவியாகி 1700 மடங்கு விரியும். மேலே இருக்கும் ஈயம் முழுவதும் கூரைக்குப் போகும். குளிர்ந்த கட்டியின் மேல் ஜூலை மாதக் காற்றே வியர்வைபோல் படிந்துவிடும். ஆகவே முதல் கட்டிகளைக் காலிச் சட்டியிலேயே வைத்து அடுப்பை மூட்டுங்கள். அடுத்த கட்டியைச் சேர்ப்பதானால் சட்டி விளிம்பில் கால் மணி நேரமாவது சூடாக்கி, இடுக்கியால் மெதுவாக இறக்குங்கள். கரண்டியையும் சூடாக்காமல் உள்ளே விடாதீர்கள். களிமண் அச்சு, சிமென்டு அச்சு இரண்டும் இந்த இரண்டு மாதத்துக்கு வேண்டாம். உள்ளே குடித்த ஈரம் வெளியே தெரியாது.

சட்டி இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் அடுப்புச் சூட்டில் பலம் இழந்து அடி இறங்கிவிடும். 5 கிலோ ஈயம் என்பது அரை லிட்டருக்கும் குறைவு, ஆனால் காலி அடுப்பைச் சாய்க்கும் பாரம். அடுப்பு தரையில், ஆட்டமில்லாமல் நிற்க வேண்டும். ‘மெ’க்கு 350 முதல் 380 டிகிரி போதும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டர், கண்ணாடிபோல் மின்னும் ஈயத்தின்மேல் குறைத்துக் காட்டும். முக்கிப் பார்க்கும் வகையே நல்லது. சுத்த ஈயத்தின் மேல் படியும் ஆடை பொன்னிறமாகி நீலம், ஊதா என்று மாறினால் சூடு மீறிவிட்டது, தீயைக் குறையுங்கள். பட்டாணி அளவு மெழுகு போட்டு, புகையைத் தீக்குச்சியால் பற்றவைத்து, அடிவரை கிளறி, மேலே நிற்கும் சாம்பல்நிறக் கசடை மட்டும் எடுங்கள். மின்னும் ஆடையைத் திரும்பத் திரும்ப எடுப்பவர்கள் நல்ல ஈயத்தைத்தான் எடுத்து எறிகிறார்கள்.

அலுமினிய அச்சின் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். வெளியே எடுக்கும்போது ஈயம் ஒட்டாமல் வழுக்கினால் அச்சு தயார். முதல் ஐந்தாறு குண்டுகள் எப்படியும் சட்டிக்கே திரும்பும், அதற்கு வருந்த வேண்டாம். குண்டின் மேல் தாத்தா நெற்றிபோல் சுருக்கம் விழுந்தால் அச்சு ஆறியிருக்கிறது, அல்லது எண்ணெய்ப் பசை இருக்கிறது. உறைபனி படிந்ததுபோல் வெளுத்தால் அச்சு அதிகச் சூடு. மீனுக்கு அது குறையில்லை. அடிக்கடி வரும் புகார் குண்டுக்குள் பொந்து. ஈயம் உறையும்போது நூற்றுக்கு மூன்றரை அளவில் சுருங்கும். சுருங்கும் இடத்தை நிரப்ப அச்சின் வாயில் கூடுதலாக ஒரு குமிழ் ஈயம் நிற்க வேண்டும். அதைக் கவனித்துப் பாருங்கள்: மின்னிக்கொண்டிருக்கும் குமிழின் நடுவில் சட்டென்று ஒரு குழி விழும், பிறகு மேல் மங்கும். அதன்பின் ஐந்தாறு நொடி விட்டுத் திறந்தால் போதும்.

மூலைகள் நிரம்பவில்லையென்றால் நூற்றுக்கு 2 பங்கு வெள்ளீயம் சேருங்கள், 5 கிலோவுக்கு 100 கிராம். கையில் 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 காரீயம்) பற்றவைக்கும் ஈயக் கட்டி இருந்தால் 167 கிராம் போடுங்கள். இந்தக் கலவை அறிவு பழையது. 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் 480 கிரெயின் குண்டு (31 கிராம்) 12 பங்கு ஈயம், 1 பங்கு வெள்ளீயம். கறுப்பு வெடிமருந்தின் உந்தலில் குண்டு சற்று விரிந்து குழாயை அடைக்க வேண்டும். அதே சமயம் குழாயின் உட்புறத் திருகு வரிகளில் உரிந்து ஒட்டக்கூடாது. வெள்ளீயம் நொறுங்காத கடினம் தரும், ஆண்டிமனி அதிகமானால் நொறுங்கும். அந்த வகைக் குண்டுக்குக் கட்டி கேட்டுச் சிலர் வருகிறார்கள். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதற்கு நாங்கள் சரக்குத் தருவதில்லை.

வெள்ளீயம் என்றதும் இன்னொன்று. மாட்டுங்காப் பக்கம் ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கும் வீடுகளுக்கு: அந்த ஈயம் வெள்ளீயம். எங்கள் கட்டி காரீயம். பேர் ஒன்றாக இருப்பதால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச எங்கள் கட்டியை யாரும் எடுத்துப்போகாதீர்கள், அது நேராக வயிற்றில் விஷம். வெள்ளீயத் துண்டை வளைத்தால் உள்ளே நறநறவென்று முனகும். காரீயம் சத்தமில்லாமல் வளையும். காரீயத்தைக் காகிதத்தில் இழுத்தால் பென்சில்போல் கோடு விழும்.

380 டிகிரியோடு நிறுத்தினால் ஆவியைவிடத் தூசிதான் பெரிய ஆபத்து. அது கையிலிருந்து வாய்க்குப் போகிறது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையலறையில் உருக்காதீர்கள். சட்டி, கரண்டி எதுவும் பிறகு சோற்றுக்குத் திரும்பக்கூடாது. வேலை நடக்கும் இடத்தில் பீடி, டீ, வெற்றிலை வேண்டாம். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையைத் தனியாகத் துவைத்து, சோப்புப் போட்டுக் கைகழுவியபின் பிள்ளையைத் தூக்குங்கள்.

கசடை மூடியுள்ள தகர டப்பாவில் ஈரம் படாமல் சேர்த்து வையுங்கள். தடைக்காலம் முடிந்து ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடைக்குக் கொண்டுவந்தால் எடைபோட்டு வாங்கி, பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்புவோம். டப்பாவின் மேல் ‘மெ’யா ‘க’வா என்று எழுதிவிடுங்கள். பேட்டரிக் கசடு கலந்திருந்தால் திருப்பித் தந்துவிடுவோம்.

ஈயக் கடையிலிருந்து,
குர்லா, மும்பை