புது மேனிஃபோல்டும் நாலாம் நம்பர் சிலிண்டரும்

கோத்தகிரி,
வியாழக்கிழமை இரவு

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதமும் ஏலக்காய்ப் பார்சலும் போன வாரமே வந்து சேர்ந்தன. பிரித்ததும் வீடு முழுக்க மணம். உன் தங்கச்சி அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இங்கே ஒரு வாரமாக மூடுபனி, காலை பத்து மணிக்கும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. பசுந்தேயிலை விலையைக் கேட்டிருந்தாய். அதை எழுத ஆரம்பித்தால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும், நேரில் பேசுவோம்.

நீ எழுதியதில் எனக்கு நெஞ்சில் பட்டது உன் மாருதி ஜிப்சி ஜீப் விஷயம்தான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை, மெக்கானிக் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் கிளைக்குழாயை, மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அச்சு அசலாக இதேதான் எனக்குப் போன மாதம் நடந்தது. மேனிஃபோல்டை மாற்றியது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் இன்ஜினைச் சரிக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. உனக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையதும் உன்னுடையது போலவே 1.3 லிட்டர் ஜிப்சி கிங், பெட்ரோலைக் காற்றோடு கலக்க கார்புரேட்டர் வைத்தது. இந்த இன்ஜினில் மேனிஃபோல்டு காற்றை மட்டும் கொண்டுபோகிற குழாய் இல்லை. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து சுடுதண்ணீர் அதற்குள் வந்து, சூடானால் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைத் தாண்டி ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்குப் போகிறது. அந்தச் சூட்டில்தான் கார்புரேட்டரிலிருந்து இறங்கும் பெட்ரோல் சுவரில் ஒட்டாமல் ஆவியாகிறது. தண்ணீர்ப் பாதையும் காற்றுப் பாதையும் ஒரே முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் இருப்பது கசியாமல் அடைக்கும் மெல்லிய கேஸ்கெட் ஒன்றுதான். எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் கூலன்ட் ஊற்றாமல் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே பல வருஷம் ஓட்டியிருக்கிறார். கழற்றிப் பார்த்தபோது தண்ணீர் ஓட்டையைச் சுற்றி அலுமினியம் கரையான் தின்ற பலகை மாதிரி குழி குழியாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. தண்ணீர் அந்தக் குழி வழியாகக் கடைசி சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருந்தது.

சரி, புது மேனிஃபோல்டு வாங்கினேன். கம்பெனி பார்ட் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரில் ஒரு கடையில் இருந்த வேறு மேக்கைத்தான் எடுத்தேன். புது கேஸ்கெட், புது ஸ்டட், எல்லாம் போட்டு ஞாயிறு மாலை சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம், நிமிஷத்துக்கு 1,500 சுற்றுக்கு மேலே நிற்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது. 800, 900-ல் அமைதியாக நிற்க வேண்டிய இன்ஜின்.

இந்த இடத்தில் ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக் குறைக்கத்தான் கை போகும். போகவிடாதே மச்சான். கழற்றுவதற்கு முன்னால் கார்புரேட்டர் நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதன் உள்ளே யாரும் கை வைக்கவில்லை. கை வைத்தது மேனிஃபோல்டு, ஹோஸ்கள், தண்ணீர், அவ்வளவுதான். கோளாறு அந்த மூன்றில்தான் இருக்க வேண்டும். இங்கே ஒரு மெக்கானிக் நண்பர் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவலாம் என்றார், நல்ல மனசோடுதான் சொன்னார். பிரித்திருந்தால் நாலாவதாக ஒரு சந்தேகமும் சேர்ந்திருக்கும்.

ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனேன். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸுக்கு (உள்ளிழுக்கும் வேக்கத்தை வைத்து பிளக் பொறி விழும் நேரத்தை முன்னால் தள்ளும் பாகம்) போகும் ஹோஸை கார்புரேட்டர் முனையில் மாட்டுவதற்குப் பதிலாக மேனிஃபோல்டு முனையில் மாட்டியிருந்தேன். கார்புரேட்டர் முனையில் ஐடிலிங்கில் வேக்கம் இருக்காது, ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகுதான் வரும். மேனிஃபோல்டிலோ ஐடிலிங்கிலேயே முழு வேக்கம். அதனால் டைமிங் முன்னால் இழுபட்டு இன்ஜின் ரேஸ் ஆகியே நின்றது. ஹோஸை மாற்றிப் போட்டதும் வேகம் இறங்கியது. கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால் இது நடந்திருக்காது. நீ கட்டாயம் எடுத்துக்கொள்.

இறங்கியதும் அடுத்தது வெளியே வந்தது. ஐடிலிங்கில் மிஸ்ஸிங், ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் விட்டு விட்டு ஓடுகிறது. ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று கழற்றினால் இன்ஜின் தள்ளாடுகிறது. நாலாவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை, அது முதலிலேயே வேலை செய்யவில்லை. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஆனால் வேகம் பிடித்தால் நாலும் சேர்ந்து இழுக்கிறது. ஏர் லீக்கின் முகமே இதுதான். ஐடிலிங்கில் காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், உள்ளே போகிற காற்றே கொஞ்சம், மேனிஃபோல்டுக்குள் இழுவிசை அதிகம். அப்போது மயிரிழை அளவு சந்துகூட ஒரு சிலிண்டரின் கலவையைக் கெடுத்துவிடும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்று ஐ.டி.ஐ.யில் எழுதி எழுதிப் படித்தோமே, அந்தக் கணக்கு அங்கே நிற்காது. மிதித்ததும் த்ராட்டில் திறந்து காற்று ஏராளமாக வரும், சந்து வழியாக வருவது பொருட்டாகத் தெரியாது.

மேனிஃபோல்டுக்குள் இருக்கும் இழுவிசையைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்கம் கேஜ் போட்டேன். முள் ஒன்பது அங்குலத்தில் நின்றது. புத்தகத்தில் 17 முதல் 21 வரை இருக்க வேண்டும் என்றிருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்குமோ, பிஸ்டன் ரிங் போயிருக்குமோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் பார்த்தால் நாலு சிலிண்டரும் ஒன்றுபோல. அப்புறம்தான் உறைத்தது, புத்தகத்தில் இருப்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி. நல்ல இன்ஜினே இங்கே 12, 13 தான் காட்டும். என்னுடையது ஒன்பது என்றால் குறைவுதான், ஆனால் ரிங்கைப் பிரிக்கிற அளவுக்கு இல்லை. கீழே உன் ஊர் போடியில் பார்த்தால் உனக்கு 16-க்கு மேல் வர வேண்டும், போடிமெட்டு ஏறிப் பார்த்தால் இன்னும் குறைவாகத்தான் காட்டும். பயப்படாதே.

இன்னொன்றும் கவனித்தேன். மேட்டுப்பாளையம் இறங்கியதும் மிஸ்ஸிங் ரொம்ப மோசமானது, செக்போஸ்ட்டில் நிறுத்தினால் ஆஃப் ஆகிவிடும். மலைக்காற்று மெலிசு, மேலே கார்புரேட்டர் கொஞ்சம் ரிச்சாகவே, பெட்ரோல் கூடுதலாகவே ஓடும், அது லீக்கைப் பாதி மறைத்துவிடும். கீழே போனால் அந்த மறைப்பும் போய்விடுகிறது. அதனால் லீக்கைத் தேட நீ கீழே, போடியிலேயே தேடு.

லீக்கைக் கண்டுபிடித்தது பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்று. ஒரு முழம் நீளம். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டு ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். மூன்று சிலிண்டர் வரை இன்ஜின் சத்தம் மட்டும். நாலாவதின் கீழ் மூலைக்கு வந்ததும் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம், அரை அங்குலம் தள்ளினால் இல்லை, திரும்பக் கொண்டுவந்தால் இருக்கிறது. சலவைக்காரர் துணிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து அந்த மூலையில் அடித்தேன். இரண்டு நொடி இன்ஜின் சத்தம் மாறி அமைதியானது, தண்ணீர் உள்ளே போனதும் மறுபடி மிஸ்ஸிங். சிலர் கார்ப் கிளீனரை அடிப்பார்கள். பக்கத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் வயர்களும் இருக்கின்றன, தீப்பிடித்தால் வண்டியே போய்விடும். தண்ணீர் போதும்.

மறுபடி கழற்றி, முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, சந்தின் அளவைப் பார்க்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டேன். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. நாலாவது முனையில் 0.25 தகடு சிரமமில்லாமல் உள்ளே போனது. புது சாமான், டப்பாவிலிருந்து எடுத்தது, கோணல். மாட்டும் முன் அந்த இரண்டு நிமிஷ வேலையைச் செய்திருக்க வேண்டும். புதுசு என்றால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

கோயம்புத்தூரில் ஹெட் ஃபேசிங் பண்ணும் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்கினேன். மறுபடி புது கேஸ்கெட், காய்ந்த முகத்தில், சிலிக்கான் பேஸ்ட் எதுவும் தடவாமல். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணியதும் நாலும் ஒரே தாளத்தில் நின்றன. கேஜ் 13. மேட்டுப்பாளையம் போய்ப் பார்த்தேன், 18. அந்த முள் அசையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒரு தொல்லை, ஏர் லாக். ஓடிக்கொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, மேல் ஹோஸைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மேனிஃபோல்டின் தண்ணீர்ப் பாதையில், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே காற்று மாட்டிக்கொண்டிருந்தது. உடனே ஆஃப் பண்ணி நன்றாக ஆறவிட்டேன். பிறகு வீட்டு முன்னால் இருக்கும் ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அதன் பிறகு ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்கில் விட்டேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் பெரிய பெரிய குமிழாக வந்தது, தண்ணீர் சட்டென்று கீழே இறங்கியது. கூலன்ட் கலந்து நிரப்பினேன். ஆறு நாளாகிறது, அளவு ஒரு நூல்கூட இறங்கவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை.

நீ வருகிற ஞாயிறு கழற்றுவதாக எழுதியிருக்கிறாய். முடிந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடு. சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஞாயிறு காலையில் அங்கே இருப்பேன். ஃபீலர் கேஜ், வேக்கம் கேஜ், அந்த ஹோஸ் துண்டு எல்லாம் எடுத்து வருகிறேன். நீ மேனிஃபோல்டும் இரண்டு கேஸ்கெட்டும் வாங்கி வை, ஒன்று போதாமல் போனால் ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. நான் வரும்வரை தண்ணீர் அளவைத் தினமும் பார், மலை ஏற்றத்துக்கு வண்டியை எடுக்காதே.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை