ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜவுளிக்கடை முதலாளிகளுக்கும், அவர்களிடம் வேலை பார்க்கும் ஃப்ளோர் மேனேஜர்களுக்கும், செக்‌ஷன் இன்சார்ஜ்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் என் அக்கா மகளின் வளைகாப்புக்குப் புடவை எடுக்க ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு கடையைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். கூட்டமே இல்லை. காட்டன் செக்‌ஷனில் ஐந்து பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ரேக் ஓரத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் பிளவுஸ் பிட் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"யாரும்தான் இல்லையே பாப்பா, கொஞ்சம் உட்காரலாம்ல?" என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி, மூலையில் இருந்த கேமராவைக் காட்டினாள். அப்புறம் எதுவுமே நடக்காதது மாதிரி, "வேற கலர் காட்டட்டுமாக்கா?" என்றாள்.

அந்தக் கண் ஜாடையை நான் நன்றாக அறிவேன். 26 வருடம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள் நான். 1993-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு சென்னைக்கு வந்து, கடை ஹாஸ்டலில் பன்னிரண்டு பேரோடு ஒரே அறையில் படுத்து, காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதரை வரை நின்றவள். ஒன்பது வருடம் சேல்ஸ் பெண்ணாக நின்றேன். அதற்கப்புறம் பதினேழு வருடம், செக்‌ஷன் இன்சார்ஜாக, மற்றவர்களை நிற்க வைத்தேன்.

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒரு தீபாவளி சீசனில், சாயங்காலம் ஆறு மணி வாக்கில், ஒரு பெண் தூணில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு மாதவிடாய் நாள். "இன்னைக்கு முடியலக்கா" என்றாள். "எனக்கும்தான் முடியல, நான் நிக்கலயா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டு, சாய்ந்ததற்கு ஐம்பது ரூபாய் அபராதம் எழுதினேன். நான் சொன்னது பொய். பில் கவுன்ட்டருக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்கிற சாக்கில் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். பொங்கலுக்கு ஊருக்குப் போன அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் கெட்டவள் என்பதால் அப்படிச் செய்ததாக நினைக்கவில்லை. எனக்கு மேலே ஒரு மேனேஜர் இருந்தார். கேமராவில் என் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இன்டர்காமில் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். அவருக்கு மேலே முதலாளி. அவர் மாடி ஏறி வரும்போது யாராவது உட்கார்ந்திருந்தால் மேனேஜருக்குத் திட்டு விழும். இத்தனைக்கும், "யாரும் உட்காரக் கூடாது" என்று முதலாளி சொல்லி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவர் முகம் சுளித்ததை மேனேஜர் பார்த்தார், மேனேஜர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன், என் பேனாவை அந்தப் பெண் பார்த்தாள். இப்படித்தான் அந்தத் தண்டனை நாலு மாடி இறங்கி அவளிடம் வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தை முதலில் முதலாளிகளான உங்களுக்கு எழுதுகிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதாவை, 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் கொண்டுவந்தார். அது நிறைவேறிச் சட்டமாகவும் ஆகிவிட்டது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அந்தச் செய்தி வந்தபோது நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

கேரளாவில் இது 2018-லேயே வந்துவிட்டது. சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி பள்ளித்தொடி என்ற பெண்மணி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் போராடியது கழிப்பறைக்காக. உட்காரும் உரிமைக்கான போராட்டம் அதற்குப் பிறகுதான். எங்கள் பெண்களைக் கேட்டால் இந்த வரிசை ஏன் என்று உடனே சொல்வார்கள். பாத்ரூம் போக இன்சார்ஜிடம் கேட்க வேண்டும், போனால் எத்தனை நிமிடம் என்று பார்ப்பார்கள். அதனால் பல பெண்கள் மத்தியானம் வரைக்கும் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வந்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுப்பார்கள். என் செக்‌ஷனிலேயே எத்தனையோ பேர்.

ஒரு விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. தொழிற்சாலைகளுக்கான 1948-ஆம் வருடத்துச் சட்டத்திலேயே 44-வது பிரிவு இருந்தது. நின்று வேலை பார்க்க வேண்டிய தொழிலாளிக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று அது சொன்னது. இங்கிலாந்தில் 1899-லேயே, கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். மில்லில் நிற்பவருக்கு 1948-இல் கிடைத்தது, அந்த மில் துணியைக் கடையில் விரித்துக் காட்டுகிற பெண்ணுக்குக் கிடைக்க 2021 ஆகிவிட்டது.

கால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எனக்கு வந்துவிட்டது. காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடியும் மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்துதான் அதை மேலே தள்ளுகிறது. நடக்கும்போது அந்தச் சதை வேலை செய்கிறது. ஒரே இடத்தில் நின்றால் சும்மா இருக்கிறது, ரத்தம் கீழேயே தேங்குகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் இருக்க ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கி அவை தளர்ந்துபோனால் குழாய் புடைத்து, சுருண்டு, தோலுக்கு மேலே நீலமாகத் தெரியும். அதுதான் வெரிகோஸ். எனக்கு 2016-இல் இடது காலில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் காலைப் பார்த்ததுமே, "ஜவுளிக்கடையா, டீச்சரா, போலீஸா?" என்று கேட்டார். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

கஸ்டமர் வரும்போது பணியாள் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று நீங்கள் சொல்வீர்கள். இதை நான் நிறையவே கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நம் ஊரில் பட்டு விற்ற விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் பழைய பட்டுக்கடைக்குப் போனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவோம். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் நாமும் உட்காருவோம், புடவை காட்டுகிறவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். மடி நிறையப் புடவையை அள்ளிப் போட்டு, முந்தானையை விரித்து, ஜரிகையைத் திருப்பிக் காட்டுவார். நம் பாட்டிமார் கல்யாணப் பட்டை அப்படித்தான் எடுத்தார்கள். அவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக எந்தக் குடும்பமும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே இல்லாத மரியாதைக் குறைவு நான்கு மாடிக் கடையில் மட்டும் எப்படி வந்தது?

எனக்கு ஒரு நல்ல மேனேஜரும் வாய்த்தார். 2012 வாக்கில் எங்கள் தளத்துக்கு வந்தார், என்னைவிட வயதில் சின்னவர். வந்த முதல் வாரம், மத்தியானக் கூட்டம் குறைந்ததும், ஸ்டூல் ஒன்றை இழுத்து செக்‌ஷன் நடுவில் போட்டு, கேமராவுக்கு நேராக அவரே உட்கார்ந்தார். "வாங்க, எல்லாரும் உட்காருங்க. ஆள் வந்தா எழுந்துக்கலாம்" என்றார். ஒருத்தரும் உட்காரவில்லை. மறுநாளும் அதையே செய்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். நானே முறைத்துக்கொண்டு நின்றேன். இந்தத் தம்பிக்குத் தொழில் தெரியவில்லை, பத்து நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஐந்தாவது நாள், எங்களிடம் வயதில் மூத்த ஒரு அக்கா, மெதுவாக, அரை இருக்கையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள்.

அவரிடம் இன்னொன்றையும் பார்த்தேன். ஒருமுறை எண்ணிக்கையில் ஒரு பட்டுப்புடவை குறைந்தது. சந்தேகம் ஒரு பெண் மேல் விழுந்தது. முன்பெல்லாம் ஃப்ளோர் நடுவிலேயே நிறுத்தி விசாரிப்பார்கள், பையைக் கொட்டச் சொல்வார்கள். இவர், "கடை மூடினதும் எல்லா கவுன்ட்டரையும் எண்ணலாம், அதுவரைக்கும் யார் பேரையும் யாரும் சொல்லக் கூடாது" என்றார். ராத்திரி பன்னிரண்டு மணி வரை கூடவே இருந்து எண்ணினார். புடவை வேறொரு கவுன்ட்டர் கட்டுக்குள் மடிந்து கிடந்தது. அந்தப் பெண்ணுக்குத் தன் மேல் சந்தேகம் வந்ததே தெரியாது. நானாக இருந்தால் அன்றைக்கு மத்தியானமே அவள் மானத்தை வாங்கியிருப்பேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சாய்ந்து நின்றதற்கு நான் அபராதம் போட்ட பெண்ணின் முகம் அன்றைக்குத்தான் முதல்முறை கண்முன்னால் வந்தது.

அவர் இரண்டு வருடம் இருந்தார். வியாபாரம் குறையவில்லை. முதலாளி கேட்டபோது பில் கணக்கை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார். அந்த இரண்டு வருடமும், தீபாவளி முடிந்த கையோடு சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பிப் போனவர்கள் என் செக்‌ஷனில் ஒருவரும் இல்லை. அப்புறம் அவர் வேறு வேலைக்குப் போனார். புதிதாக வந்தவர் முதல் நாளே ஸ்டூல்களையெல்லாம் குடோனுக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனிதர் ஒருவர் செய்த நல்ல காரியம் அவரோடேயே போய்விட்டது. ஏனென்றால் அது அவருடைய வழக்கமாக மட்டும் இருந்தது, கடையின் வழக்கமாக மாறவில்லை. அதை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். காலையில் கடை திறக்கும் முன்னால் எல்லோரையும் கூட்டிச் சாமி கும்பிடுவீர்கள் இல்லையா, அந்த நேரத்தில் ஒரு நாள் உங்கள் வாயால் சொல்லுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் உட்காரலாம், அதற்கு அபராதம் கிடையாது, யாரும் திட்டக் கூடாது என்று. இன்சார்ஜ் மூலமாகச் சொல்லி அனுப்பினால் நம்ப மாட்டார்கள். கேமரா ரூமில் இருப்பவருக்கும் சொல்லிவிடுங்கள். பாத்ரூமுக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டாம், பக்கத்துக் கவுன்ட்டரில் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைகளுக்கான அதே தமிழ்நாட்டுச் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவே ஒரு மணி நேர ஓய்வு என்றும் சொல்கிறது. சீசன் நேரத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடியும் முகூர்த்த நாளும் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் வருடத்தில் எல்லா நாளும் சீசன் இல்லையே. புரட்டாசி முதல் வாரத்துச் செவ்வாய்க்கிழமையும் அதே மாதிரி நிற்க வைத்தால் அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

இன்சார்ஜ்களே, உங்களில் பாதிப் பேர் என்னை மாதிரியே சேல்ஸில் நின்று மேலே வந்தவர்கள். எனக்கு இருந்த மாதிரி உங்களுக்கும் எங்காவது ஒரு நாற்காலி ஒளிந்திருக்கும். அதைக் கொண்டுவந்து செக்‌ஷனில் போடுங்கள். முதலில் நீங்கள் உட்காருங்கள், எல்லோரும் பார்க்கிற இடத்தில். முதல் நாளே அவர்கள் உட்கார்ந்துவிட மாட்டார்கள். எங்களுக்கு ஐந்து நாள் ஆனது.

இந்தத் தீபாவளிக்குப் புதிதாக ஆள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் நாளில் யாராவது வந்து பேச வேண்டும் என்று தோன்றினால் என்னைக் கூப்பிடுங்கள். பணம் எதுவும் வேண்டாம். காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன். ரொம்ப நேரம் நிற்க என் இடது கால் விடாது, உட்கார்ந்துதான் பேசுவேன். கேட்கிற பெண்களையும் உட்கார வைத்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் கடைகளில் 26 வருடம் வேலை பார்த்த ஒரு அக்கா