கிராக் விண்டோஸும் கல்யாண போட்டோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிபி சொல்லாதீர்கள், டிஜிட்டல் கைது என்று மிரட்டினால் பயப்படாதீர்கள் என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது, நல்லதுதான். ஆனால் ஹால் மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், என் டேபிளுக்கு வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் கிராக் விண்டோஸில், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் போட்ட திருட்டு விண்டோஸில்தான் ஆரம்பிக்கிறது.

"ஒரிஜினல் எல்லாம் எதுக்குங்க, எல்லாருக்கும் போடுறதையே போட்டுக் குடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுக்க எங்கள் தொழிலிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், மறைப்பானேன். திருட்டு விண்டோஸை ஒரிஜினல் மாதிரி காட்ட ஆக்டிவேட்டர் என்று ஒரு புரோகிராம் உண்டு. அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொன்னால் கட்டுவோமா? இங்கே கட்டுகிறோம். அப்புறம், ஆக்டிவேஷன் போய்விடுமோ என்று அப்டேட்டையும் நிறுத்திவிடுகிறார்கள்.

சமீபத்தில் ஒருவர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் ஏதோ போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக்கை டவுன்லோடு செய்திருக்கிறான். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்றும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ என்று ஒரு நோட்பேட் ஃபைல்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 போதும். ஆடித் தள்ளுபடி மாதிரி! இது டிஜேவியு என்கிற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், பெரும்பாலும் கிராக் வழியாகவே வீடுகளுக்குள் நுழைவது. மகளின் கல்யாண போட்டோ மொத்தமும் போச்சு. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் இன்னொரு காப்பி வைத்திருந்தார், பாவம், ஆனால் அதை எந்நேரமும் சிபியுவிலேயே செருகி வைத்திருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

அப்டேட் விஷயத்துக்கு 2017 மே மாதத்தை நினைத்துப் பார்த்தாலே போதும். அப்போது உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்கிற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள், பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் முதல் ஆந்திரா போலீஸ் வரை.

இப்போது விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை கிடைக்கும். விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷினைத் தூக்கிப் போடவும் வேண்டாம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும், காசும் கிடையாது. (இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் போட்டுத்தான் அரசு கொடுத்தது, சென்னையில் உருவானது. வாங்கிய கையோடு அதை அழிக்கச் சொல்லி வந்தவர்கள்தான் அதிகம்.)

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு தடவை போட்டோ, பத்திரம், சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். பிள்ளைகளுக்கு அட்மின் அல்லாத தனி லாகின் போட்டுக் கொடுங்கள். அதையும் மீறி மாட்டிக்கொண்டால், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் திருடு போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ அவற்றை மாற்றுங்கள், அதே மெஷினில் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. பணம் போயிருந்தால் உடனே 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். திருடன் கேட்கும் டாலரைக் கட்டாதீர்கள், கட்டினாலும் ஃபைல் திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது. பூட்டிய ஃபைல்களை அழித்துவிடவும் வேண்டாம். ஐரோப்பிய நாடுகளின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் மற்றவர்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி உண்டு, இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், வாசகர்களுக்கும் என் சக கடைக்காரர்களுக்கும் சேர்த்து. அடுத்த முறை ஃபார்மட் செய்யக் கொடுக்கும்போது, போட்ட விண்டோஸ் ஒரிஜினலா, அப்டேட் ஓடுகிறதா என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
கும்பகோணம்