செயலாளர் ஆண்டறிக்கை: யாரைக் காட்டினார்கள், யாரை விட்டுவிட்டார்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பு உள்ளங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "மாதம் ஒரு நூல், மாதம் ஒரு படம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். எதிலாவது நின்று நிதானித்தோமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்று செயலவைக்குப் பட்டது. அதனால்தான் இந்த ஆண்டு முழுவதையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம்: போரையும் வன்முறையையும் அநீதியையும் நூல்களும் படங்களும் எப்படி எதிர்கொள்கின்றன என்பது. கனமான பொருள், ஆள் வரமாட்டார்கள் என்று எங்களில் சிலர் பயந்தோம். வந்தார்கள். சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில் பக்கத்து அறை நாற்காலிகளையும் இழுத்துப் போட வேண்டியிருந்தது. படத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு வருவது, கூட்டத்தில் பேச்சு மட்டும் என்ற பழைய ஏற்பாட்டையே தொடர்ந்தோம்.

ஏப்ரல், மே மாதக் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணி கிராமத்தைப் பற்றியவை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொடுமையைக் களமாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவல் 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில், தீ வைப்புக்குக் காரணமான பண்ணையாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கியதற்கு அப்போதே எதிர்ப்பு எழுந்தது. நம் அறையிலும் அதே வாக்குவாதம் நடந்தது. என் கருத்தும் எதிர்த்தவர்கள் பக்கம்தான். கூலிக்காகவும் சாதிக்காகவும் நடந்த கொலையை ஒரு மனிதனின் அந்தரங்கக் கோளாறாக்கிவிட்டால், நிலமும் சாதியும் தப்பித்துக்கொள்கின்றன. ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னதையும் மறக்க முடியவில்லை: "இந்த நாவல் இல்லாவிட்டால் சிங்கப்பூர் தோ பாயோவில் பிறந்து வளர்ந்த எனக்கு வெண்மணி என்ற பேரே தெரிந்திருக்காது." இரண்டு கருத்துகளும் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளன.

ஜூன் மாதம் இளையர்கள் நடத்திய கூட்டம், பெரிய நடிகர்களின் படங்களில் அரிவாளும் துப்பாக்கியும் கைத்தட்டலுக்குப் பயன்படுவதைப் பற்றியது. சூடான விவாதம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர், "செத்து விழுகிற அடியாளுக்கு அம்மா இருப்பாரா என்று எந்தப் படமாவது கேட்டிருக்கிறதா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல யாரும் கை உயர்த்தவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் என் தவறும் இருக்கிறது.

கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தாம் பட்டதையே எழுதிய 'லாக்கப்' நூலையும், அதை வைத்து வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' படத்தையும் எடுத்துக்கொண்டோம். பிழைப்புக்காக ஆந்திரா போன தமிழ் இளைஞர்களைச் செய்யாத திருட்டுக்காகப் பிடித்துக்கொண்டு போய் அடித்து ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கும் கதை. வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதியிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு இருக்கும் ஒரே ஓய்வு நாள். நான் வரவேற்புரை முடிந்த கையோடு, நூலில் அடி விழும் பகுதியை நீளமாக வாசிக்கத் தொடங்கினேன். முன்கூட்டி யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதியில் அவர்களில் ஒரு தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்து நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

வாசித்து முடித்து வெளியே போய்ப் பார்த்தபோது, தண்ணீர்க் குழாயருகே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணே, உள்ள வர்றேன்" என்றார். வந்தார், பேசவும் செய்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அடிய விடுங்கண்ணே. அவங்க கேக்குறது என்னன்னே இவங்களுக்குப் புரியல பாருங்க, அதுதான் தாங்கல. நான் வேலைக்கு வந்த புதுசுல மேல நிக்கிறவர் கத்துவாரு. என்ன சொல்றாருன்னு தெரியாம எல்லாத்துக்கும் தலையாட்டுவேன். தலையாட்டினதே தப்பாப் போயிடும்." படத்தை மூன்று முறை பார்த்த எனக்கு அடிதான் கண்ணில் பட்டது. மொழி தெரியாதவனின் முகம் அவருக்குத்தான் பட்டது. இனி இத்தகைய பகுதிகளை வாசிக்கும் முன் அறிவித்துவிட்டு, வெளியே போக விரும்புவோருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று செயலவையில் தீர்மானித்துள்ளோம்.

செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை நாங்கள் சயாம் மரண ரயிலை, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஆட்களை வதைத்துப் போட்ட ரயில் பாதையை, விட்டு நகரவே இல்லை. ஒரு கூட்டம் என்று திட்டமிட்டு ஐந்து கூட்டங்களாக நீண்டது.

முதலில் 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தைப் பார்த்தோம். ஏழு ஆஸ்கர் விருதுகள் வாங்கிய படம், இலங்கையில் எடுக்கப்பட்டது. நேர்த்தியான படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கைதான பிரிட்டிஷ் அதிகாரியின் மானமும் அவர் அந்தப் பாதைக்குக் கட்டும் பாலமும்தான் அதில் கதை. ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையைப் போட்டு, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தார்கள். அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களும் அதில் ஏராளம். பாலம் இருக்கும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக இருக்கின்றன. காலராவிலும் பசியிலும் செத்த தோட்டத் தொழிலாளர்களுக்கு எத்தனை பேர் என்ற சரியான கணக்குக்கூடக் கிடையாது. படம் புகழ்பெற்ற பிறகு, பாலம் நிற்கும் ஆற்றுப் பகுதியின் பெயரையே 1960-இல் குவாய் என்று மாற்றினார்கள். ஆற்றுக்குப் பெயர் மாறியது. நம் ஆட்களுக்குப் பெயரே எழுதப்படவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரண்டு நாவல்களையும் பகுதி பகுதியாகச் சேர்ந்து வாசித்தோம். உறுப்பினர்கள் பிரதிகளைக் கைமாற்றி, சிலர் தாள் நகல் எடுத்து வந்து படித்தார்கள்.

நவம்பர் கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் தம் பாட்டியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார். பாட்டி ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், தொண்ணூறைக் கடந்தவர். ஒன்றரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம். முடியப்போகும் நேரத்தில், "எங்கப்பாவும் கம்பிச்சடக்குக்குத்தான் போனாரு" என்றார். தண்டவாளம் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அறையில் அந்தத் தோட்டத்துச் சொல் விழுந்ததும் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம்.

மடியிலிருந்த சுருக்குப்பையைப் பேரன் திறந்தார். உள்ளே பழைய மாத்திரை உறை. அதற்குள் நான்காக மடித்த ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளி நோட்டு. அதில் வாழை மரப் படம், குலையோடு. மடிப்பு ஒவ்வொன்றும் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. அப்பா போகும் காலையில் அம்மா கையில் கொடுத்த நோட்டாம். அரிசி வாங்கச் சொன்னாராம். அவர் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அம்மா வைத்திருந்தாராம். 1945-இல் ஜப்பான்காரன் போனதும் அந்த நோட்டு செல்லாமல் போயிற்று, அப்பாவும் வரவில்லை. "செல்லாதுன்னு தெரிஞ்சும் அம்மா தூக்கிப் போடல" என்றார் பாட்டி.

அந்த நோட்டை யாரும் தொடவில்லை. நாவலாசிரியர்கள் எத்தனை வீடுகளில் இப்படி உட்கார்ந்து கேட்டு எழுதியிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேரனுக்கே அன்றுதான் இந்தக் கதை தெரியுமாம். முப்பத்தெட்டு வயது அவருக்கு.

பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் 1942-இல் ஜப்பானியர் கையில் விழுந்த நாளில், பீச் ரோட்டிலுள்ள போர்க்கால மக்கள் நினைவுச் சின்னத்துக்குச் சேர்ந்து போனோம். நான்கு தூண்கள், நான்கு இனங்களுக்காக. 1967-இல் திறக்கப்பட்டது. அடியில் சிக்லாப் முதலிய இடங்களில் தோண்டியெடுத்த, ஜப்பானியர் காலத்தில் மாண்ட மக்களின் எலும்புகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. நான்கு மொழிக் கல்வெட்டில் தமிழும் இருக்கிறது. வந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி அதை உரக்க வாசித்தாள். பேச்சு ஏதும் வைத்துக்கொள்ளவில்லை.

ஓர் இடத்தில் நமக்கு வருத்தம் ஏற்பட்டது. அக்டோபர் கூட்டத்துக்கு உறுதி செய்திருந்த அரங்கை, நடத்துபவர்கள் இரண்டு நாள் முன்பு ரத்து செய்தார்கள். தீபாவளி நேரத்தில் இப்படிச் சோகமான பொருள் எதற்கு என்று தொலைபேசியில் சொன்னார்கள். உறுப்பினர் ஒருவர் தம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டார். பாய் விரித்து உட்கார்ந்தோம், பலகாரமும் கிடைத்தது. அவருக்கு நம் நன்றி.

நிதி நிலை சீராக உள்ளது. விவரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே அவரைப் பார்க்கவும். ஆண்டு முழுதும் துணை நின்ற தலைவருக்கும், தேநீர் பொறுப்பை ஏற்ற சகோதரிகளுக்கும், விடுதியிலிருந்து வந்து போன தம்பிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயலவை முன்வைக்கும் வேலை ஒன்றே: ஜப்பான் காலத்தைக் கண்ட அல்லது கண்டவர்களிடம் கேட்ட நம் குடும்பப் பெரியவர்களின் பேச்சை, அவர்கள் பேசும் தோட்டத்துத் தமிழிலேயே ஒலிப்பதிவு செய்வது. நான்கு குடும்பங்கள் பெயர் கொடுத்துள்ளன. முதல் பதிவு அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பாட்டியின் வீட்டில். அவருக்குக் காது மந்தம் என்பதால் இரண்டு பேருக்கு மேல் வர வேண்டாம் என்று பேரன் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்