கொட்டகைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்மக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு "எங்கே நிற்கிறது வேலை?" என்று விடாமல் விசாரித்த உறவுகளுக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ப் பழைய சினிமாக் கொட்டகையைச் சீர்செய்து திறந்தாயிற்று. முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கிய வள்ளி திருமணம் நாடகம் விடிந்துதான் முடிந்தது. நடுவில் மேடையேறி எல்லோருக்கும் நன்றி சொல்வதாக ஏற்பாடு. நாடகத்துக் கோமாளியான பபூன் மைக்கைப் பிடித்த பிறகு யாரிடம் போய் நேரம் கேட்பது? அதனால்தான் இந்த மடல்.

பணம் கொடுத்தவர்களின் பெயரும் தொகையும், வரவு செலவுக் கணக்கும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெயர்களும் அதில் உண்டு. இங்கே எழுதப்போவது பெரும்பாலும், எங்கள் குழுவிடம் "வேண்டாம்" என்று சொன்னவர்களைப் பற்றி. ஆர்வக் கோளாறில் நாங்கள் செய்யவிருந்ததை எல்லாம் செய்திருந்தால் நான்கு சுவரும் ஒரு பெயர்ப்பலகையும்தான் மிஞ்சியிருக்கும்.

முதலில், கொட்டகைக்குச் சொந்தக்காரர்களான முதலாளி வீட்டார். பேருந்து நிலையத்தை ஒட்டிய இடம். இடித்துக் கடை கட்டினால் மாதம் என்ன வரும் என்று ஊரில் ஆளாளுக்கு அவர்களுக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். படம் ஓட்டுவதை நிறுத்திய பிறகு கடலை மண்டிக்குக் குடோனாக விட்டிருந்ததில் வாடகையும் வந்துகொண்டுதான் இருந்தது. கீழே கடைகள், மேலே கல்யாண மண்டபம் என்று வரைபடம் சுருட்டிக்கொண்டு வந்த ஒருவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, எங்களுக்கு நீண்ட காலக் குத்தகை எழுதிக் கொடுத்தார்கள். மூத்த அக்கா இதற்காகவே சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். திறப்பு விழாவில் சால்வையோடு அருகில் போனபோது, "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்று பெண்கள் பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார்.

இந்தக் கட்டடத்துக்குக் கொஞ்சம் முன்கதை உண்டு. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில், சிறுவர்களே நடிக்கும் பாலர் சபை தொடங்கிய காலத்தில், அவருடைய பாட்டும் வசனமும் தென் மாவட்டங்கள் முழுக்கப் பரவின. அந்த நாடகங்களை நம்பி எழும்பிய கொட்டகைகளில் பல, 1931-ல் தமிழ் பேசும் படம் வந்த பிறகு ஒவ்வொன்றாக டாக்கீஸ் ஆயின. நம்முடையதும் அப்படித்தான். மேடைக்கு முன்னால் வெள்ளைத் திரையை மறித்துக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பின்னால் ஒரு மேடை இருப்பதே நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கிழிந்த திரையை இறக்கிய அன்று பின்னால் என்ன இருந்தது தெரியுமா? சீன் துணி ஏற்றி இறக்கும் கப்பிகள், அவற்றில் பாதி அறுந்த கயிறு, பக்கச் சுவரில் வேஷம் போடும் அறைக்குப் போகும் குனிந்த வாசல், அந்த நிலைக்கட்டையில் நடிகர்கள் விரல் துடைத்த அரிதாரக் கறை, அதாவது முகப்பூச்சின் கறை. அரிதாரக் கறையைத் தேய்த்துவிட வேண்டாம் என்று சொன்னது பெயின்ட் அடிக்க வந்த தம்பி. நன்றி தம்பி, எங்களில் ஒருவர் உப்புத்தாளை எடுத்தே விட்டார்.

அடுத்து கொத்தனார் ஐயா. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர். சுவர் பொரிந்து கொட்டுகிறது, சிமெண்ட் பூசிவிடலாம் என்று போய்க் கேட்டோம். "அப்படியென்றால் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்றார். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டைப் போட்டு மூடினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். இதை வாயால் சொன்னதோடு விடவில்லை. எண்பதுகளில் யாரோ சிமெண்ட் பூசிய ஓரத்தில் கரண்டியின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது. பெயர்த்துக் காட்டினார், பின்னால் செங்கல் மாவாகக் கையில் வந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் ஊரே வேடிக்கை பார்த்தது. கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டார். சலித்த மணலோடு சேர்த்து அரைக்கும்போது கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் அளவாக விடுவார். பதம் பார்ப்பது எப்படி என்றால், கரண்டியில் அள்ளிக் கவிழ்ப்பார்; உடனே விழுந்தாலும் திட்டு, விழாமலே ஒட்டிக்கொண்டாலும் திட்டு. ஒரு கை பூசி, அது இறுகும் வரை அடுத்த கைக்குக் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் முடியுங்கள் என்று நாங்கள் நச்சரித்ததை எல்லாம் அவர் காதிலேயே வாங்கவில்லை. விலைபோகாத கறுத்த வெல்லத்தை மூட்டை மூட்டையாகக் கொடுத்த மண்டிக்காரருக்கும், கடுக்காயைக் கொட்டை நீக்கி உடைத்துக் கொடுத்த பாட்டிமார்களுக்கும், அரவை மெஷினுக்கும் சாரத்துக்கும் நடுவே நாள் முழுக்கச் சட்டி சுமந்த சித்தாள் அக்காமார்களுக்கும் தனியாக ஒரு கும்பிடு. அக்காமார்களுக்குக் கூலி கொடுத்தோம், உண்மைதான். சுமையோடு சாரம் ஏறி இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கூலி அதற்கு ஈடில்லை என்று.

ஓட்டுக் கூரைக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. பர்மா தேக்குக் கைமரங்கள் அசையவில்லை. ஓடு தாங்கும் ரீப்பர் சட்டங்களை மாற்றி, உடைந்த ஓடுகளுக்குப் பதிலாக, இடிக்கிற வீடுகளில் சேகரித்த பழைய மங்களூர் ஓடுகளைப் போட்டோம். லாரி வாடகை வாங்காத அண்ணனுக்கு நன்றி.

சத்தம்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. பூச்சு முடிந்து உள்ளே நின்று பேசினால் ஒரு வார்த்தை இரண்டாகக் கேட்டது. எதிரொலியை அடக்கப் பொய்க்கூரை அடிக்கச் சொல்லி ஒரு நிறுவனம் கொடுத்த மதிப்பீட்டைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, புதுக்கோட்டைப் பக்கம், பல ஊர்க் கலைஞர்கள் ஒரு ராத்திரிக்குக் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியக் கலைஞர் ஒருவர் வந்தார். பெட்டியை மேடை நடுவில் வைத்து வாசித்துக்கொண்டே, எங்களை மூலைக்கு மூலை அனுப்பி என்ன கேட்கிறது என்று கத்திச் சொல்லச் சொன்னார். "பொய்க்கூரை வேண்டாம். சுவரில் முன்னே சாக்கு கட்டியிருந்தார்களே, அது எங்கே?" என்றார். எலி கடித்தது என்று அதை எரித்திருந்தோம். புதுச் சாக்கை இரண்டு மடிப்பாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரிலிருந்து கை அகலம் தள்ளி மாட்டச் சொன்னார். மிச்சத்தை ஜனம் பார்த்துக்கொள்ளும், ஆள் நிறைந்தால் எதிரொலி அடங்கிவிடும் என்றார். திறப்பு நாளில் கதாநாயகனான ராஜபார்ட் மைக்கை விட்டுத் தள்ளி நின்று பாடியது கடைசிச் சுவர் வரை தெளிவாகக் கேட்டது. மைக் வராத காலத்தில் பாடியவர்களுக்காகக் கட்டிய கட்டடம் அல்லவா!

வாசலில் அழகுக்காகக் கீற்றுப் பந்தல் போட நினைத்தோம். தீயணைப்பு நிலைய அதிகாரி ஒரே வார்த்தையில் மறுத்தார். 1979-ல் தூத்துக்குடியில் கொட்டகை எரிந்ததையும், 2004-ல் ஸ்ரீரங்கம் கல்யாண வீட்டிலும் கும்பகோணம் பள்ளியிலும் கீற்று என்ன செய்தது என்பதையும் அவர் சொல்லும்போது யாருக்கும் வாதாட வாய் வரவில்லை. உள்பக்கம் திறந்த கதவுகளை எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிட்டோம். 1965-ம் வருஷத்துப் பொதுக்கட்டட உரிமச் சட்டத்தின்படி என்னென்ன சான்று வேண்டும் என்று, அலைய விடாமல் ஒரே தாளில் எழுதிக் கொடுத்த தாசில்தார் அலுவலக ஊழியருக்கும் நன்றி.

மகளிர் குழு அக்காமார்கள் இரண்டு விஷயத்தில் ஒற்றைக்காலில் நின்றார்கள். தரை டிக்கெட்டில் ஆண்களையும் பெண்களையும் பிரித்த இடுப்பளவுச் சுவரை, பழைய நினைவாக அப்படியே விடலாம் என்றது எங்கள் குழு. "நினைவு உங்களுக்கு. அந்தப் பக்கம் தூண் மறைத்து ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்திருந்தது நாங்கள்" என்றார்கள். இடித்தாயிற்று. விரும்பியவர்கள் தனியாக உட்காரட்டும், சுவர் எதற்கு? இரண்டாவது, மேடைக்குத் திரைச்சீலை வாங்குவதற்கு முன் கழிப்பறை கட்ட வேண்டும் என்றார்கள். விடிய விடிய நாடகம் பார்க்க வருகிற பெண்ணுக்கு வெல்வெட் திரையா முக்கியம்? அதையும் கேட்டோம். திரைச்சீலை இப்போதைக்குச் சாதாரணத் துணிதான்.

ஆபரேட்டர் அண்ணனை மறக்க முடியுமா? இரண்டு புரொஜெக்டரையும் பழைய இரும்புக்குப் போடவிருந்தவர்களைக் குறுக்கே நின்று தடுத்தவர். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிஷம்தான் ஓடும், ஒரே மெஷின் வைத்திருந்த டூரிங் கொட்டகைகளில் அதனால்தான் ரீல் மாற்ற நடுநடுவே இடைவேளை விட்டார்கள் என்று அவர் சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். ஒரு மெஷினை எண்ணெய் போட்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்காக எரிந்து தேய்ந்த கார்பன் குச்சிகளை ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்து, கேட்கிற பிள்ளைக்கெல்லாம் ஒன்று கொடுக்கிறார். இனி படம் போடுவது டிஜிட்டலில்தான். ஆனால் ஆபரேட்டர் அறை அவர் பொறுப்பு.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கொட்டகை முழுக்கக் குஷன் நாற்காலி போடத்தான் நீங்கள் பணம் அனுப்பினீர்கள். பின்பாதியில் மட்டும் போட்டிருக்கிறோம். முன்னால் தரைதான். நாடகம் பார்க்க வருகிற கிழவிகள் பாயும் தலையணையுமாக வருவார்கள், நடுச்சாமத்தில் ஒரு தூக்கம் போட்டு, முருகன் வேடனாக வரும்போது எழுந்துகொள்வார்கள். நாற்காலியில் அது நடக்காது. மிச்சப் பணத்தில் மின்விசிறியும் கழிப்பறையும் வந்தன. கோபித்துக்கொள்ளாமல் "சரி, செய்யுங்கள்" என்றீர்களே, அதற்கும் நன்றி.

கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடுவதில்லை என்று முடிவு. வருமானம் போகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் மாதக் கூட்டத்துக்கு வந்து பேசுங்கள். காலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு, சாயங்காலம் சிலம்பத்துக்கு, சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படம். பங்குனி, சித்திரை, வைகாசியில் நாடகக் கலைஞர்களுக்குத் திருவிழாத் தேதிகள் நிறைந்திருக்கும். அதனால் நாடகங்களை மழைக்காலத்துக்கு வைத்திருக்கிறோம். அவர்களுக்கும் வேலையில்லாத மாதங்கள் அவை.

கடைசியாக, இரவல் வாங்கிய சாரக் கம்புகள், தார்ப்பாய், அண்டா எல்லாம் அவரவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். பச்சைப் பெயின்ட் அடித்த மூங்கில் ஏணி ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. கீழிருந்து மூன்றாவது படியில் கயிறு சுற்றியிருக்கும். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாவி எதிர் டீக்கடையில் இருக்கிறது.

அன்புடன்,
கொட்டகைச் சீரமைப்புக் குழுவினர்