முதலில் ஒப்பந்தத்தை எழுது

சயான், மும்பை

அன்பு மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். தாராவிப் பெண் ஒருவரின் முதல் படத்தை நீ தயாரிக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நெல்லையிலிருந்து தோல் பட்டறைக்கு வந்த குடும்பங்களைப் பற்றி வெளியாட்களே படம் எடுத்துக்கொண்டிருந்தால் எப்படி? பேத்திகள் எடுக்கட்டும்.

ஒன்று கவனி. கதை, வசனம், இயக்கம் எல்லாம் அவர்தான். ஆனாலும் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தைப் படைத்த ஆசிரியராகக் கருதப்படுபவர் தயாரிப்பாளர், அதாவது நீ. இயக்குநருக்கு அதில் இடமில்லை. கடைசி எடிட் யார் முடிவு, போஸ்டரில் பெயர் எங்கே, லாபத்தில் எத்தனை பங்கு, ரீமேக் விற்றால் எவ்வளவு என்பதெல்லாம் தாளில் எழுதினால்தான் அவருக்கு உண்டு.

திரைக்கதையின் உரிமையை அவரிடமிருந்து எழுதி வாங்கும்போது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படி. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறு மாதிரி எழுதியிராவிட்டால், ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். பணம் புரட்டவே ஓர் ஆண்டு ஓடிவிடுமே! அந்த ஓர் ஆண்டுக்குப் பதில் 3 ஆண்டு என்று போடு. அதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் கதை அவரிடமே திரும்பட்டும், அதுதான் நியாயம். தியேட்டருக்கு வெளியே, டிவி, ஓடிடியில் வரும் ராயல்டியில் எழுத்தாளரின் பங்கை 2012 திருத்தத்துக்குப் பிறகு தயாரிப்பாளர் எழுதி வாங்க முடியாது. அப்படி ஒரு வரி ஒப்பந்த வரைவில் இருந்தால் அடித்துவிடு.

அடுத்தது ஒலி. தகரக் கூரை, தையல் மிஷின், சந்தில் பைக். பேசுகிற ஒவ்வொருவருக்கும் தனி காலர் மைக் வை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் சுற்றுச் சத்தத்தை மட்டும் பதிவுசெய்யச் சொல். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நடித்துப் பழகாதவர்கள் ஸ்டூடியோவில் வாசிப்பதுபோலப் பேசுவார்கள், அந்த நெல்லைப் பேச்சு செத்துவிடும். பக்கத்து வீட்டு டிவியில் சினிமாப் பாட்டு ஓடினால் டேக்கை நிறுத்து. வசனத்தோடு கலந்த பாட்டைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம். அனுமதி வாங்கப் போனால் இசைக்கும் வரிகளுக்கும் தனி, ஒலிப்பதிவுக்குத் தனி.

தாராவி மறுகட்டுமானப் பேச்சு வலுத்திருக்கிறது, அதனால் தெருக்காட்சிகளை முதலில் முடி. நடிக்கிற தெருக்காரர்களிடம் சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கு, சம்பளம் அன்றன்றே.

நவம்பரில் கோவாவில் என்எஃப்டிசி (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்தும் திரைப்படச் சந்தையான வேவ்ஸ் ஃபிலிம் பஜாருக்கு ரஃப் கட்டை, அதாவது முழுசாக முடியாத எடிட்டை, அனுப்பலாம். விழாவில் மட்டும் திரையிட்டால் தகவல் ஒளிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு போதும். தியேட்டருக்குத் தணிக்கைச் சான்று கட்டாயம்.

வரைவு தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. இயக்குநருக்கென்று தனி வக்கீல் வை, ஃபீஸைப் பட்ஜெட்டிலேயே எழுது. உன் வக்கீல் உனக்காகத்தான் பேசுவார்.

அன்புடன்,
உன் மாப்ள