பொங்கல் டிக்கெட்டைப் பற்றி மகளுக்கு

தங்கச்சிமடம்,
நவம்பர் 3

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அப்பத்தா, நான் மூவரும் நலம். உன் நலமறிய ஆவலாக இருக்கிறோம்.

பொங்கலுக்கு நீ வருவதற்கான ரயில் டிக்கெட்டைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். தொலைபேசியில் இந்தப் பேச்சை எடுத்தாலே "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதத்தில் எழுதுகிறேன், நிதானமாகப் படி. முன்பு 120 நாள்களுக்கு முன்பே எடுக்க முடிந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாள்களாகக் குறைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கின்படி, ஜனவரி 13ஆம் தேதி மாலை தாம்பரத்தில் ஏறிப் போகியன்று காலை இங்கே வந்துசேர வேண்டுமானால், நவம்பர் 14ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. பண்டிகை நாள் என்றால் சில நிமிடங்களிலேயே எல்லாம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். இணையத்தில் எடுப்பதானால் முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே. உன் கணக்கில் ஆதாரைச் சேர்த்துவிட்டாயா? தீபாவளிக்கு முன்பே கேட்டேன். தட்காலுக்கும் இப்போது ஆதார் வேண்டும் என்பதால், இன்றே சேர்த்துவிடு.

தீபாவளிக்கு உன் டிக்கெட் கடைசிவரை உறுதியாகவில்லை என்றாய். அது உன் குற்றமில்லை. ஆனால் டிக்கெட் உறுதியாகாத நாள்களிலும் நீ வந்து நின்றிருக்கிறாய் என்பது என் நினைவில் இருக்கிறது. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பர் 23ஆம் தேதி ரயில் நின்றதிலிருந்து, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கும்வரை, ரயில் அக்கரையிலேயே நின்றுவிடும். அந்தக் காலத்தில்கூட, முன்பதிவில்லாப் பெட்டியில் திருச்சிவரை உன் பையின் மேலேயே உட்கார்ந்து வந்து, ராமநாதபுரத்தில் இறங்கி, பேருந்தில் பாலம் கடந்து, தலையெல்லாம் புழுதியோடு வாசலில் நின்றுகொண்டு "முதல்ல சோறு போடு" என்றாயே, அந்தப் பிள்ளைக்கு இன்று ஒரு டிக்கெட் தடையாக இருக்கிறது என்பதைத்தான் அம்மாவால் ஏற்க முடியவில்லை. புதுப் பாலத்தில் நீ இன்னும் ஒருமுறைகூட ரயிலில் வரவில்லை.

உன் ரயில் கதைகளுக்காகவே இந்த வீடு மாலை நேரங்களில் காத்திருந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி என்று சென்னையைப் பார்த்தேயிராத அப்பத்தா வரிசை தவறாமல் சொல்வாள். பல்லாவரத்தில் இறங்குகிற கூட்டம் உன்னையும் சேர்த்து வெளியே தள்ள, நீ மறுபடி ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிட, உன் சாப்பாட்டுப் பை மட்டும் கிண்டிக்குப் போய்ச்சேர்ந்து, அதை எடுத்துவைத்திருந்த அம்மாள் மறுநாள் "வத்தக்குழம்பு நல்லா இருந்துச்சு" என்று காலி டப்பாவைக் கொடுத்தாரே, அந்தக் கதையை அப்பத்தா இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். மகளிர் பெட்டியில் உட்கார இடம் கொடுத்த பெண், அதற்குக் கூலியாக உன் மடியில் முருங்கைக்கீரைக் கட்டை வைத்து உருவச் சொன்னதும், அலுவலகத்தில் உன் தலைமுடியிலிருந்து கீரை உதிர்ந்ததும் அம்மாவுக்குப் பிடித்த கதைகள்.

எனக்குப் பிடித்தது ஆர்.ஏ.சி. கதை. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றை இருவருக்குப் பிரித்துக் கொடுத்தால், விழுப்புரம்வரை இருவரும் "நீங்க காலை நீட்டிக்குங்க" என்று உபசாரம் பேசிக்கொண்டு வருவார்கள் என்றும், அதற்குப் பிறகு யார் முதலில் உறங்குகிறாரோ அவருக்கே அந்தப் படுக்கை என்றும் சொன்னாய். பரமக்குடிக்குப் போகும் அந்தப் பெரியம்மா முதலில் உறங்கிவிட, நீ இரவு முழுவதும் அவருடைய முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தாய். விடிந்ததும் அவர், "நல்லாத் தூங்குனியாம்மா?" என்று கேட்க, நீ "ஆமாம்" என்று சொல்லியிருக்கிறாய். அந்தப் பதிலில் என் பிள்ளையை நான் கண்டுகொண்டேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை ராமநாதபுரத்தைத் தாண்டாத பெண், அத்தனை கூட்டத்தில் தனியாக ஏறி இறங்கி வேலைக்குப் போய்வருகிறாள் என்று நான் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. எவ்வளவு கூட்டமானாலும் படியோரம் மட்டும் நிற்காதே.

அந்தக் கதைகள் நின்றுபோய்விட்டன. முன்பெல்லாம் நீ பேசும்போது பின்னால் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்ற அறிவிப்பு கேட்கும். அதைக் கேட்டாலே, பிள்ளை வேலை முடித்து நடைமேடைக்கு வந்துவிட்டாள் என்று அம்மா உலை வைக்க எழுந்து போவாள். இப்போது நீ பேசுகிற இடம் அமைதியாக இருக்கிறது. பகல் 11 மணிக்கும் பேசுகிறாய், 3 மணிக்கும் பேசுகிறாய். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருப்பார்களோ என்று அம்மா கேட்டாள். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவைத்தேன். மாதக் கடைசியில் "சீசன் முடியப்போகுது, வரிசையில நிக்கணும்" என்று சலித்துக்கொள்வாயே, அதையும் கேட்டு நாளாகிறது. இந்த மாதம் சீசன் டிக்கெட் எடுத்தாயா? எடுக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. தேவைப்படாத மாதத்துக்கு எடுத்து ஏன் வீணாக்க வேண்டும்? எங்கேயாவது புறப்பட்டுப் போவதாக இருந்தால் நெரிசல் குறைந்த பகல் நேர வண்டியில் போ, படியோரம் நிற்காதே.

பெரிய வீட்டு விவகாரம் ஒருவழியாக முடிந்தது. கிணற்றடி அத்தை மகளுக்குத் தை மாதத்தில் நாள் பார்க்கிறார்கள். இவற்றையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். டிக்கெட் விஷயத்தை முடிக்கிறேன்.

பாலம் திறந்த அன்றே தொடங்கிய தாம்பரம் ரயில் திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாக வருகிறது. குரோம்பேட்டையிலிருந்து உனக்குத் தாம்பரம் பக்கம்தான். எழும்பூர்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மண்டபத்தில் இறங்கிப் பேருந்துக்கு நிற்காமல், ராமேஸ்வரத்துக்கே வந்துவிடு. நம் ஊரைக் கண்ணெதிரே கடந்து, ராமேஸ்வரத்தில் இறங்கி, வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கிறதே என்று நீ ஒவ்வொரு முறையும் கோபித்துக்கொள்வாய். ஆனால் பாலத்தை ரயிலிலேயே கடப்பது உனக்குச் சிறுவயதிலிருந்து எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் தூக்கிக்கொள்ளும் அல்லவா? புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே மட்டமாக மேலே ஏறுகிறது. கப்பல் போகும்போது பார்க்க நானும் கரையில் நின்றிருக்கிறேன். வடகிழக்குப் பருவக் காற்று வலுத்தால் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவைப்பார்கள், அதனால் பயப்படாதே. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதை நினைத்துக்கொண்டு, "பாலம் தாண்டிட்டாளா?" என்று அப்பத்தா வழக்கம்போல் விடிய விடியக் கேட்பாள், மண்டபம் வந்ததும் ஒரு வார்த்தை பேசிவிடு. நான் வண்டியோடு நிலையத்தில் நிற்பேன்.

இணையத்தில் எடுக்க உனக்கு வசதிப்படவில்லை என்றால், ஆதாரும் சேர்க்கவில்லை என்றால், நீ எதுவும் செய்ய வேண்டாம். 14ஆம் தேதி விடியும் முன்பே ராமேஸ்வரம் முன்பதிவு மையத்துக்குப் போய் நானே வரிசையில் நிற்கிறேன். பணத்தைப் பற்றி நினைக்காதே. கூரைக்கு நீ அனுப்பியதில் மிச்சம் இருக்கிறது. கீழ்ப் படுக்கையா, மேல் படுக்கையா என்று எழுது. கீழ்ப் படுக்கை கிடைத்தால் வயதானவர்கள் கேட்பார்கள், நீயும் கொடுத்துவிடுவாய். ஆகவே மேலேயே போடச் சொல்லவா?

இன்னொன்று. முன்பதிவுப் படிவத்தில் திரும்பும் பயணத்துக்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஜனவரி 18ஆம் தேதி நீ திரும்புவதாக இருந்தால் அதற்கு நவம்பர் 19ஆம் தேதிதான் திறக்கும். நான் மறுபடியும் போய் நிற்க வேண்டும். நிற்பதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. நிற்க வேண்டாம் என்று நீ சொன்னாலும் சிரமம் இல்லை, ஏன் என்று அம்மாவும் கேட்கமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். அங்கே இருக்கிற சாமான் அத்தனையையும் நீ கொண்டுவந்தாலும், ராமேஸ்வரத்திலிருந்து வீட்டுக்கு நான் இரண்டு நடை அடித்துக்கொள்வேன். 19ஆம் தேதி போகட்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா